ஓட்டோ கியருக்குப் புது மென்பொருள்: ஏற்றுவது பாதி வேலை, பழக்குவது மீதி

"அண்ணே, ரெண்டாவது கியர் விழும்போது முதுகுல ஒரு தட்டு தட்டுது." சுங்கை சிப்புட்டில் எந்தப் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் காதில் விழும் புகார் இது. முன்பெல்லாம் இதற்கு "கியர் எண்ணெய மாத்திப் பார்ப்போம் தம்பி" என்று பதில் வரும். இப்போது "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும் தம்பி" என்று வருகிறது. இரண்டுமே சில நேரம் சரிதான். சோதிக்காமல் சொன்னால் இரண்டுமே குருட்டடி.

கியர்பாக்ஸின் உடம்பு நன்றாக இருந்து, அதன் கணக்கு மட்டும் தப்பாக இருக்கும்போதுதான் மென்பொருள் அப்டேட் பலன் தரும். அப்போதும் ஏற்றிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால் போதாது. புதுக் கணக்கோடு அந்தப் பெட்டியை ஓட்டிப் பழக்க வேண்டும். நகரத்தில் ஓடும் காருக்கு இது ஓரளவு தானாகவே நடந்துவிடும். ஹீவூட், டவன்பி, எல்ஃபில் என்று தோட்டத்துக்குள் ஓடும் காருக்கு நடக்காது. "அப்டேட் போட்டும் ஒண்ணும் மாறல" என்று திரும்பி வரும் கார்களில் விட்டுப்போனது பெரும்பாலும் இந்தப் பழக்கும் வேலைதான்.

முதலில் எதை மாற்றுகிறோம் என்று பார்த்துவிடுவோம். ஓட்டோ கியரை நடத்துவது டிசிஎம் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குள் இரண்டு வகைத் தகவல் இருக்கிறது. ஒன்று, தயாரிப்பாளர் எழுதிவைத்த அட்டவணைகள்: எக்சிலரேட்டர் மிதியை எவ்வளவு அழுத்தினால், என்ன வேகத்தில், எந்தக் கியருக்குப் போக வேண்டும், ஏறும் வேகத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப் எப்போது பிடிக்க வேண்டும், கியர் மாறும் அந்தக் கணத்தில் எஞ்சின் இழுவையை எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, பெட்டி ஓடி ஓடித் தானாகக் கற்றுக்கொண்ட திருத்தங்கள். கிளட்ச் தட்டு தேயத் தேய, எண்ணெய் பழசாக ஆக, அழுத்தத்தையும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து அது எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்புகள் அவை.

அப்டேட் மாற்றுவது முதல் வகையை. இரண்டாவது வகை சில கார்களில் தானாக அழியும், சில கார்களில் அப்படியே தங்கிவிடும். தங்கிவிட்டால்தான் தொல்லை. பழைய அட்டவணைக்காகப் போட்ட திருத்தம் புது அட்டவணையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் அந்த அரை வினாடியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் கியரின் கிளட்சுக்குள் முதலில் எண்ணெய் நிரம்ப வேண்டும். நிரம்பும்போது பிஸ்டன் நகர்ந்து, தனக்கும் தட்டுகளுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியை மூடுகிறது. இன்னும் பிடி விழவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கிறது. அந்த நிலையில் பழைய கிளட்சின் அழுத்தத்தை இறக்கி, புதியதன் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். நிரம்பும் நேரத்தை டிசிஎம் மில்லிவினாடிக் கணக்கில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு குறைவாக இருந்தால், புதியது பிடிக்கும் முன்பே பழையது விட்டுவிடும். எஞ்சின் ஒருமுறை உறுமி எகிறி, பிறகு பிடிக்கும். கணக்கு அதிகமாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முதுகில் விழும் தட்டு அதுதான்.

சரியாக மாறியதா என்று டிசிஎம் எப்படித் தெரிந்துகொள்கிறது? உள்ளே நுழையும் தண்டின் சுற்றையும் வெளியேறும் தண்டின் சுற்றையும் வகுத்துப் பார்க்கிறது. உள்ளே நிமிடத்துக்கு 2,000, வெளியே 1,290 என்றால் விகிதம் 1.55. இரண்டாம் கியரின் விகிதமும் 1.55 என்றால் கிளட்ச் வழுக்காமல் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒரு விகிதத்திலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரமானது, நடுவில் சுற்று எகிறியதா என்பதைப் பார்த்து அடுத்த முறைக்கான திருத்தத்தை எழுதுகிறது. கற்றல் என்பது இவ்வளவுதான். ஆனால் எல்லா மாற்றத்திலிருந்தும் அது கற்றுக்கொள்வதில்லை. எண்ணெய் சரியான சூட்டில் இருக்க வேண்டும், மிதி ஒரே நிலையில் இருக்க வேண்டும், நடுவில் பிரேக் விழக்கூடாது. நிபந்தனை தவறினால் அந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காது.

இனி தோட்டத்துக் காரின் ஒரு நாளைப் பாருங்கள். லயத்திலிருந்து செம்மண் சாலையில் ஒன்றாம் கியர், குழி, இரண்டாம் கியர், எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி, பிரேக், தமிழ்ப்பள்ளி வாசலில் மேடு, மறுபடி ஒன்றாம் கியர். கடைக்குப் போய் வருவதற்குள் கியர் எண்ணெய் சரியான சூட்டுக்குக்கூட வந்திருக்காது. மூன்றிலிருந்து நான்குக்கு ஒரே மிதியில் ஏறிய மாற்றம் ஒன்றுகூட இருக்காது. இப்படி ஓடும் பெட்டி மாதக்கணக்கில் பழைய குறிப்பை வைத்தே காலம் தள்ளும்.

காரில் இருப்பது எந்தக் கியர் பெட்டி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் சாலையில் ஓடும் பழைய மைவி, முதல் தலைமுறை ஆக்சியா, பெசா எல்லாம் நான்கு வேக சாதாரண ஓட்டோ. 2021 இல் ஆத்திவாவோடு வந்து, அதே ஆண்டு இறுதியில் மைவிக்கும் போன டி-சிவிடி வேறு ஜாதி. சிவிடி என்றால் படிப்படியான கியர் இல்லாமல், இரண்டு புல்லிக்கு நடுவே ஓடும் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் பெட்டி; டி-சிவிடி பெல்ட்டோடு பற்சக்கரத்தையும் சேர்த்து ஓட்டுவது. மூன்றாம் தலைமுறை சாகா 2016 இல் பஞ்ச் நிறுவனத்தின் சிவிடியோடு வந்தது, 2019 இல் ஹியூண்டாயின் நான்கு வேகப் பெட்டிக்கு மாறியது. எக்ஸ்50 இல் இருப்பது ஏழு வேக ஈர (எண்ணெயில் நனைந்து ஓடும்) இரட்டைக் கிளட்ச். வயோஸ் 2016 இல் சிவிடிக்கு மாறியது. வோக்ஸ்வாகன் போலோ 1.2 டிஎஸ்ஐ போன்றவற்றில் ஏழு வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது அந்த நிறுவனத்தின் இரட்டைக் கிளட்ச் பெட்டி.

சிவிடியில் "கியர் இடிக்குது" என்றால் அது பெரும்பாலும் கியர் இல்லை; டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்போ, முன்னோக்கிக் கிளட்சோ, எஞ்சின் மவுண்டோ. அங்கே மென்பொருளின் முக்கிய வேலை பெல்ட்டை இறுக்கும் அழுத்தத்தைக் காப்பது. அந்த அழுத்தம் தவறினால் வசதிக் குறைவோடு நிற்காது, பெல்ட்டும் புல்லியும் கீறிக்கொள்ளும். 2015 இல் ஹோண்டா அமெரிக்காவில் 2014, 2015 ஆண்டுச் சிவிக்குகளையும் 2015 ஃபிட்டையும் (இங்கே ஜாஸ் என்று ஓடுவது) ஏறத்தாழ 143,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது மென்பொருள் தவறால்தான். சிவிடி மென்பொருள் புல்லித் தண்டுக்கு அதிகச் சுமை கொடுத்து அதை முறிக்கக்கூடும் என்பது காரணம். புது மென்பொருள் ஏற்றியதே தீர்வு. ஆகவே சிவிடிக்கு அப்டேட் வந்திருக்கிறது என்று டீலர் அழைத்தால், "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்று தள்ளிப்போடாதீர்கள்.

நேர்மாறான கதை 2013 இல் நடந்தது. வோக்ஸ்வாகன் உலகம் முழுக்க ஏறத்தாழ 16 லட்சம் ஏழு வேக டிஎஸ்ஜி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த செயற்கை எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு வரக்கூடும் என்று கண்டு, அதை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெயால் வந்த கோளாறை எத்தனை அப்டேட் ஏற்றினாலும் தீர்க்க முடியாது.

கணினியைச் செருகும் முன்

ஸ்கேனரை மாட்டியதும் முதலில் பிழைக் குறியீடுகள். பி0700 என்பது வெறும் மணியடிப்பு. "டிசிஎம்முக்குள் ஒரு பிழை இருக்கிறது, உள்ளே போய்ப் பார்" என்று எஞ்சின் பெட்டி சொல்வது. எஞ்சின் குறியீடு மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் அதோடு நின்றுவிடும். டிசிஎம்முக்குள் போனால்தான் விஷயம் தெரியும். பி0715 உள்தண்டு சென்சார், பி0720 வெளித்தண்டு சென்சார், பி0730 விகிதம் பொருந்தவில்லை, பி0741 லாக்கப் சரியாகப் பிடிக்கவில்லை, பி0750 தொடங்கி வருபவை சொலினாய்டுகள் (எண்ணெய் அழுத்தத்தைத் திறந்து மூடும் மின் வால்வுகள்), யூ0101 டிசிஎம்மோடு தொடர்பே இல்லை. இவற்றில் ஒன்று நிலையாக நின்றால் மென்பொருளைத் தொடாதீர்கள். சென்சார் பொய் சொல்லும்போது புதுக் கணக்கும் பொய்யைத்தான் கூட்டும்.

அடுத்தது எண்ணெய். பல ஜப்பானியப் பெட்டிகளில் அளவுகோல் இல்லை. எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சினை ஓடவிட்டு, அடியில் உள்ள துளை வழியே மெல்லச் சொட்டும் அளவு பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். சூடான எண்ணெய் விரிந்து நிற்பதால் அதிகமாக வடிந்துவிடும்; பிறகு ஆறியதும் குறை. ஆகவே இந்தச் சோதனையைக் காலையில், கார் இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். ஒருமுறை வடித்தால் மொத்த எண்ணெயில் பாதிபோலத்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். எண்ணெய் நிஜமாகவே கருகிப்போயிருந்தால் ஒரு வடிப்பில் தீராது. வடித்து, ஊற்றி, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்.

வடிக்கும் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மசி இயல்பு. விரலில் உரசும் துகளோ மின்னும் சீவலோ இருந்தால் அப்டேட் பேச்சு அங்கேயே முடிந்தது. எண்ணெய் சிராப் பண்டுங் நிறத்தில் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி உடைந்து, தண்ணீர் கலந்துவிட்டது. தண்ணீர் பட்ட கிளட்ச் தட்டில் ஒட்டுப்பொருள் உரியத் தொடங்கும். அந்தப் பெட்டியை மென்பொருளால் மீட்க முடியாது. வெள்ளத்தில் நின்ற காரிலும் இதே நிறம் வரலாம். அங்கே தண்ணீர் நுழைந்தது பெட்டியின் மேலே உள்ள காற்றுக் குழாய் வழியாக.

எண்ணெயின் வகையில் விளையாட வேண்டாம். ஹியூண்டாய் நான்கு வேகப் பெட்டிக்கு எஸ்பி-3 வகை. பஞ்ச் சிவிடிக்கு அதற்கென்றே ஓர் எண்ணெய். இரட்டைக் கிளட்சுக்கு வேறு. "எல்லா ஓட்டோவுக்கும் ஆகும்" என்று எழுதிய டப்பாவைப் பெட்ரோல் நிலையத்தில் வாங்கி ஊற்றியதால் தொடங்கிய நடுக்கம் ஊரில் கொஞ்சநஞ்சமல்ல. கிளட்சின் உராய்வு எண்ணெயில் உள்ள சேர்மானத்தைப் பொறுத்தது. எண்ணெய் மாறினால் பிடிக்கும் விதமே மாறும், டிசிஎம் எழுதிவைத்த கணக்கும் செல்லாது.

பிறகு, யாரும் சந்தேகப்படாத பகுதி: எஞ்சின் மவுண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும். பொனட்டைத் திறந்து, காலை பிரேக்கில் அழுத்தி, ஒருவர் பார்க்க இன்னொருவர் கியரை என் (N) நிலையிலிருந்து டி (D), ஆர் (R) நிலைகளுக்கு மாற்றட்டும். எஞ்சின் ஒரு பக்கமாக எம்பிச் சாய்ந்தால் ரப்பர் செத்துவிட்டது. செம்மண் சாலையில் ஓடும் காரில் இது சீக்கிரமே போகும். அந்தத் தட்டு கியர் தட்டு மாதிரியே இருக்கும். டியில் போட்டு இரண்டு வினாடிக்கு மேல் கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் அது வேறு. எண்ணெய்க் குறைவோ, வடிகட்டி அடைப்போ, உள்ளே சீல் கடினமாகி அழுத்தம் கசிவதோ.

பொத்தோங் கடையிலிருந்து பாதி வெட்டிய காரின் கியர்பாக்ஸை வாங்கிப் போட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். சொலினாய்டுகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒரே மின்னோட்டத்துக்கு ஒன்று கொஞ்சம் அதிக அழுத்தம் தரும், இன்னொன்று கொஞ்சம் குறைவாக. அதனால் தயாரிப்பில் ஒவ்வொரு பெட்டியையும் சோதித்து அதன் திருத்த எண்களை எழுதிவைப்பார்கள். டயோட்டாவில் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் அந்தக் குறியீடு இருக்கும். நிசான் சிவிடியில், எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் அளவீட்டுத் தரவை டிசிஎம்முக்குள் எழுத வேண்டும். பெட்டியை மாற்றிவிட்டு இந்த எண்ணை எழுதாமல் விட்டால், பழைய பெட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுப் பெட்டியை ஓட்டுவதாகும். இங்கே வேண்டியது அப்டேட் இல்லை, அந்தக் குறியீடு. வாங்கும்போதே லேபிள் இருக்கிறதா என்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிப் பெயிண்ட் அடித்த பெட்டியில் லேபிள் போயிருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஏற்றும் வேலை

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, புகார் மட்டும் நிற்கிறது என்றால் இப்போது மென்பொருளைப் பார்க்கலாம். முதல் கேள்வி: இந்தக் காருக்குப் புதியது ஒன்று உண்டா? கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் "டிசிஎம் அப்டேட் ஏதாவது நிலுவையில இருக்கா" என்று கேளுங்கள். வாரண்டிக்குள் இருந்தாலோ, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த வகையில் இருந்தாலோ காசில்லாமல் முடியும். கிந்தா பள்ளத்தாக்கில் டீலருக்குப் பஞ்சமில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான். தனிப் பட்டறைக்காரரே செய்கிறார் என்றால், உள்ளே இப்போது இருக்கும் மென்பொருளின் அடையாள எண்ணையும், டிசிஎம்மின் பாக எண்ணையும் முதலில் படித்து எழுதிவைக்கட்டும். தயாரிப்பாளரின் பட்டியலில் அதே பாக எண்ணுக்கு மேம்பட்ட எண் இருந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். "அதே மாடல்தானே" என்று வேறு ஆண்டுக் காரின் கோப்பை ஏற்றுவது விபரீதம். ஒரே பெயரில் ஓடும் கார்களில் டயர் அளவும், சக்கரத்துக்கு முன்னால் உள்ள கடைசிப் பற்சக்கரத்தின் விகிதமும் மாறியிருக்கும், கியர் மாறும் வேகமெல்லாம் தாறுமாறாகிவிடும்.

கருவி முக்கியம். இருபது முப்பது வெள்ளிக்கு இணையத்தில் விற்கும் புளூடூத் அடாப்டர் படிப்பதற்கு மட்டும். எழுதுவதற்கு, தயாரிப்பாளரின் சொந்தக் கருவியோ, ஜே2534 தரத்துக்கு ஏற்ப வேலை செய்யும் இடைக்கருவியோ வேண்டும், அதுவும் கம்பி வழியாக. புதிய கார்களில் கோப்புக்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. தயாரிப்பாளரின் சர்வரோடு பேசாமல் எழுதவே விடாது. அங்கே டீலரைத் தவிர வழியில்லை, வழியிருக்கிறது என்று சொல்பவரைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது.

பெரும்பாலான ஃப்ளாஷ் வேலை, அதாவது மென்பொருள் எழுதும் வேலை, கெட்டுப்போவது மின்சாரத்தால். எழுதும்போது இக்னிஷன் ஆனில் இருக்கும், எஞ்சின் ஓடாது. பத்து நிமிடமோ முக்கால் மணியோ, பேட்டரி மட்டுமே கொடுக்கும். நடுவில் ரேடியேட்டர் விசிறி திடீரென முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தால் மின்னழுத்தம் சரசரவென இறங்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் எழுதுவது அறுந்துவிடலாம். பேட்டரி முனைகளில் 13.5 வோல்ட்டை ஆடாமல் பிடித்துத் தரும், 50 ஆம்பியராவது கொடுக்கக்கூடிய மின்வழங்கி வேண்டும். பட்டறை மூலையில் கிடக்கும் சாதாரண சார்ஜர் ஆகாது, அதன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். இன்னொரு காரை ஓடவிட்டு ஜம்பர் கம்பி மாட்டுவதும் அதே கதை. முகப்பு விளக்கு, ஏர்கான், ரேடியோ, டேஷ்கேம் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் காரின் மற்றப் பெட்டிகள் விழித்துக்கொண்டு அதே கம்பியில் பேசத் தொடங்கும்.

பேராக்கில் இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: இடி. மாலையில் மேகம் கறுத்தால் டிஎன்பி மின்சாரம் ஒரு கணம் கண்சிமிட்டுவது சகஜம். அந்த ஒரு கணம் போதும். காலையிலேயே செய்துவிடுங்கள். மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருக்கட்டும், தூங்கும் வசதியையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் அணைத்துவிடுங்கள். கைப்பேசி இணையத்தை நம்பிச் சர்வரோடு பேசிக்கொண்டே எழுதும் முறை என்றால், தோட்டத்துக்குள் சிக்னல் இருக்கும் இடம் பார்த்துச் செய்வதைவிடக் காரை டவுனுக்குக் கொண்டுவருவதே சுலபம்.

அறுந்துவிட்டால்? பதறி சாவியைத் திருப்ப வேண்டாம், பேட்டரியைக் கழற்றவும் வேண்டாம். பெரும்பாலான டிசிஎம்களில் அழிக்கப்படாத ஒரு சிறு தொடக்க நிரல் மிச்சமிருக்கும். கருவி அதே அமர்வில் மறுபடி முயன்றால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் டிசிஎம்மைக் கழற்றி மேசையில் வைத்து எழுத வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் கைவந்த வேலையல்ல. சில கார்களில் டிசிஎம் கியர்பாக்ஸுக்குள்ளேயே எண்ணெயில் கிடக்கும், கழற்றுவதே ஒரு பெரிய வேலை. முடிந்த பின் சாவியை அணைத்து, கருவி சொல்லும் நேரம் காத்திருந்து, எல்லாப் பெட்டிகளிலும் விழுந்திருக்கும் தொடர்புப் பிழைகளை அழிக்க வேண்டும். டிசிஎம் ஊமையாக இருந்த நேரத்தில் ஏபிஎஸ்ஸும் மீட்டரும் புலம்பியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தயாரிப்பாளரின் அப்டேட் வேறு, கடையில் விற்கும் ட்யூன் கோப்பு வேறு. ட்யூன் கோப்பு கியர் மாறும் நேரத்தைக் குறைக்கும், கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டும், இழுவை வரம்பை உயர்த்தும். ஈர கிளட்ச் பெட்டியில், காரணம் தெரிந்து, எஞ்சினுக்கும் சேர்த்துச் செய்பவர்களுக்கு அது ஒரு வழி. தோட்டச் சாலையில் ஊர்ந்து போகும் உலர் கிளட்ச் போலோவுக்கு அதைப் பரிந்துரைப்பவரை நான் நம்பமாட்டேன். அந்தப் பெட்டியின் எதிரி சூடு. ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்வதைக் கோப்பு எதுவும் தடுக்காது. வாரண்டியும் அன்றோடு போச்சு.

பழக்கும் வேலை

இப்போது மீதிப் பாதி. முதலில் பழைய திருத்தங்களைக் கருவி வழியாக அழிக்க வேண்டும். அழிக்கும் முன் அவற்றைப் பதிவு செய்துவிடுங்கள், அவை பெட்டியின் உடல்நிலை அறிக்கை. ஒரு கிளட்சின் திருத்தம் மட்டும் எல்லையை முட்டிக்கொண்டு நின்றால், அந்தக் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்டேட்டுக்குப் பிறகு சில நாள் மிருதுவாக ஓடிவிட்டு மறுபடி அதே இடத்துக்குத் திரும்பும். வாடிக்கையாளரிடம் அதை அன்றே சொல்லிவிடுவது மரியாதை.

நின்ற இடத்தில் செய்யும் கற்றல் சில பெட்டிகளுக்கு உண்டு. ஆறு வேக ஈர டிஎஸ்ஜியில், பியில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, எண்ணெய் 30 முதல் 100 டிகிரிக்குள் இருக்கும்போது கருவி கேட்கும் அடிப்படை அமைப்பைச் செய்ய வேண்டும். உள்ளே கடகடவென்று சத்தம் வரும்; கிளட்ச் தொடும் புள்ளியையும் கியரைத் தள்ளும் கவைகளின் நிலையையும் அது அளந்துகொண்டிருக்கிறது. பாதியில் காலை எடுத்தால் முதலிலிருந்து.

பிறகு சாலை. முதலில் இருபது நிமிடம் சாதாரணமாக ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். ஸ்கேனரில் 60 முதல் 90 டிகிரிக்குள் நிலையாக நிற்பதே பல பெட்டிகளுக்கு ஏற்றது. துல்லிய எல்லைக்கு அந்தக் காரின் கையேட்டைப் பாருங்கள். ஏர்கானை அணைத்துவிடுங்கள், கம்ப்ரசர் மாறி மாறிப் பிடிப்பது எஞ்சின் சுமையைக் குலைக்கும். ஸ்போர்ட் முறை வேண்டாம். நின்ற இடத்திலிருந்து மிதியை 15 முதல் 25 விழுக்காட்டுக்குள் வைத்து, கடைசிக் கியர் விழும்வரை காலை அசைக்காமல் ஏற வேண்டும். பிறகு மிதியை விட்டு, பிரேக்கை மிக மெல்லத் தொட்டு, தானாக இறங்க விட்டு, முழுவதும் நிறுத்த வேண்டும். மூன்று நான்கு வினாடி நின்று மறுபடி. இதைப் பத்துப் பன்னிரண்டு முறை. அடுத்து மிதியைக் கொஞ்சம் கூட்டி, 30 முதல் 40 விழுக்காட்டில் சில முறை. கடைசியில் நின்ற இடத்தில் என்-டி, என்-ஆர், ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை, நடுவில் இரண்டு மூன்று வினாடி விட்டு.

இதற்குச் செம்மண் சாலை ஆகாது, நெடுஞ்சாலையில் நிறுத்தவும் முடியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து காந்தான், சிம்மோர் பக்கம் போகும் பழைய கூட்டரசுச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, லோரி ஓட்டம் இல்லாத நேரத்தில் தோது. அப்போதும் நிறுத்துவதற்குப் பாதுகாப்பான ஓரம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் ஸ்கேனரைப் பார்க்கக்கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணெய்ச் சூட்டையும் மிதியின் அளவையும் வாசித்துச் சொல்லட்டும்: "இருபத்தஞ்சு, கொஞ்சம் இறக்குங்கண்ணே, அப்படியே, அப்படியே, நாலு விழுந்துருச்சு." முதல் சில மாற்றங்கள் முன்பைவிட மோசமாகக்கூட இருக்கும். பெட்டி வெறும் கையோடு தொடங்குகிறது. ஐந்தாறாவது சுற்றில் தட்டு மெலிந்து, பத்தாவதில் காணாமல் போனால் வேலை நடந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகும் ஒரே மாற்றம் மட்டும் அதே தட்டோடு விழுந்தால், மேலே ஓட்டிப் பிரயோசனமில்லை. அந்தக் கிளட்சையோ அதன் சொலினாய்டையோ பார்க்க வேண்டும்.

சோதிப்பதற்கு வேறு இடம் வேண்டும். குவாலா கங்சாரிலிருந்து ஈப்போ வரும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேடு அதற்கு நல்லது. அங்கே பழக்கக்கூடாது, பார்க்க மட்டும். ஆட்களோடு ஏறும்போது கீழ்க் கியருக்கு இறங்குவது சுத்தமாக விழுகிறதா, மேட்டின் நடுவில் இரண்டு கியருக்கு இடையே மாறி மாறி ஊசலாடுகிறதா, எண்ணெய்ச் சூடு எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். 110 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், குளிரூட்டியின் இடுக்கில் செம்மண்ணும் செம்பனைப் பூந்தூசியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில் எஞ்சின் பக்கமிருந்து வெளியே அடித்துக் கழுவினால் போதும். ஜெட் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

பழைய மென்பொருள் எண், புதிய எண், அழிக்கும் முன் எடுத்த திருத்த மதிப்புகள், ஊற்றிய எண்ணெயின் வகை, அன்றைய கிலோமீட்டர், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையுறைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒருமுறை திருத்த மதிப்புகளைப் படித்து அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும். இதற்கிடையில் பேட்டரி மாற்ற நேர்ந்தால் கவனம்: சில கார்களில், குறிப்பாகப் பழையவற்றில், பேட்டரியைக் கழற்றினாலே கற்ற திருத்தங்கள் அழிந்துவிடும். வீட்டு வாசலுக்கே வந்து பேட்டரி மாற்றிக் கொடுப்பவரிடம், கழற்றும் முன், மின்சாரம் அறாமல் பார்த்துக்கொள்ளும் 12 வோல்ட் மெமரி சேவரை மாட்டச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால், மாற்றிய பிறகு சிம்மோர் சாலைக்கு மறுபடி ஒரு ஞாயிறு காலையை ஒதுக்க வேண்டியிருக்கும்.